காலநிலை மாற்றமும் ஏழை நாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்பதில் இப்போது பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கும் மேல் போனது. குழப்பமெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகளில்தான். யாருக்கு அடி அதிகம்? ஏன்? செலவு யார் தலையில் விழுகிறது? இப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஓரிரு வரிதான்.

வெயிலும் மழையும் எல்லோருக்கும் பொதுதானே? ஏழை நாடுகளை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

புயல் பொதுதான். அது வந்து போன பிறகு நடப்பது பொது இல்லை.

2019 மார்ச்சில் இடாய் என்ற புயல் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுக நகரத்தைத் தாக்கியது. மொசாம்பிக், ஜிம்பாப்வே, மலாவி மூன்றிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயலில் மக்காச்சோளம் நின்ற நேரம் அது. அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தன. ஆறே வாரத்தில் கென்னத் என்ற இன்னொரு புயல் அதே நாட்டின் வடக்கே வந்து மோதியது. வீடு போய், விளைச்சல் போய், பாலங்கள் போய் நின்ற அந்த நாட்டுக்குச் சர்வதேச நாணய நிதியம் 11.8 கோடி டாலர் கொடுத்தது. நன்கொடையாக இல்லை, கடனாக. இந்த விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். புயல் அடித்தவனிடமே பில்லும் போகிறது.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2022 அறிக்கையில் ஒரு கணக்குச் சொல்கிறது. 2010 முதல் 2020 வரையிலான காலத்தில் வெள்ளம், வறட்சி, புயலால் இறந்தவர்களின் விகிதம், எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளில் மற்ற இடங்களைவிட 15 மடங்கு அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட சூழலில் வாழ்பவர்கள் 330 முதல் 360 கோடிப் பேர்.

ஒரு குடும்பத்துக்குள் இது எப்படி நடக்கிறது?

காப்பீடு உள்ள வீட்டில் கூரை பறந்தால் விண்ணப்பம் எழுதுவார்கள், பணம் வரும், கூரை போடுவார்கள். காப்பீடும் சேமிப்பும் இல்லாத வீட்டில் முதலில் ஆட்டை விற்பார்கள். ஊரே அதே வாரத்தில் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டி வருவதால் விலை விழுந்துவிடும். அதே சந்தையில் தானியத்தின் விலை ஏறியிருக்கும். நேற்று ஒரு ஆட்டுக்கு ஒரு மூட்டை கிடைத்தது என்றால் இன்று அரை மூட்டைகூடத் தேறாது. அப்புறம் உழவு மாடு. அதற்கப்புறம் விதைக்கு எடுத்து வைத்த தானியம் உலையில் விழும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நின்றுவிடும்.

இவை எதுவும் மழை பெய்ததும் திரும்பி வராது. மாடு வாங்க நாலு வருஷம் ஆகும். மூன்றாவது வருஷமே அடுத்த வறட்சி வந்தால் அந்தக் குடும்பம் தொடங்கிய இடத்துக்கும் கீழே போகிறது. பேரிடர்கள் அடிக்கடி வருகின்றன என்று சொல்லும்போது இந்த இடைவெளி சுருங்குவதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதற்குக் காரணம் அவர்கள் இருக்கும் இடமா, வறுமையா?

இரண்டும். ஏழை நாடுகளில் பெரும்பாலானவை வெப்ப மண்டலத்தில் இருக்கின்றன. குளிர் நாட்டில் ஒரு டிகிரி கூடினால் சில பயிர்களுக்கு அது நல்லதாகக்கூட இருக்கும். ஏற்கெனவே பயிர் தாங்கும் எல்லையில் இருக்கும் இடத்தில் அதே ஒரு டிகிரி விளைச்சலை வெட்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், பெய்யாத நாளில் மண்ணை உறிஞ்சி எடுப்பதும் இதனால்தான்.

ஆனால் இடம் மட்டுமே காரணம் என்றால், அதே வெப்ப மண்டலத்தில் இருக்கும் சிங்கப்பூரும் அதே கதியில் இருக்க வேண்டுமே. வடிகால், மருத்துவமனை, சேமிப்பு, வேலை செய்யும் அரசு நிர்வாகம் இவைதான் வித்தியாசம். காலனி ஆட்சியில் மூலப்பொருள் தோண்டி அனுப்புவதற்கென்றே ரயிலும் துறைமுகமும் கட்டப்பட்ட நாடுகளில் இவை வளரவே விடப்படவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வளிமண்டலத்தில் சேர்ந்திருக்கும் கரியமில வாயுவில் அவர்கள் பங்கு எவ்வளவு?

மிகக் குறைவு. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாழும் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் சேர்ந்து ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு, உலக மொத்தத்தில் ஏறக்குறைய 4 சதவீதம். இதுவரை உலகம் வெளியிட்டதைக் கூட்டிப் பார்த்தால் அமெரிக்கா மட்டுமே சுமார் கால் பங்கு. ஒரு அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் வருகிறது. நைஜர், சாட், மலாவி போன்ற நாடுகளில் ஒருவருக்கு அரை டன்னைக்கூடத் தொடுவதில்லை.

கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுகள் தங்கும். அதனால் பழைய கணக்கு முடிந்துபோன கணக்கு ஆகாது. நிலக்கரியில் ஓடிய அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களின் புகையில் ஒரு பகுதி இன்றும் நம் தலைக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

சீனாவும் இந்தியாவும் இப்போது நிறைய வெளியிடுகின்றனவே?

ஆமாம். இன்று ஆண்டுக் கணக்கில் முதலிடம் சீனாவுக்குத்தான், மொத்தத்தில் சுமார் 30 சதவீதம். அதைக் குறைக்காமல் வெப்பம் நிற்காது. இந்தியாவின் மொத்தமும் பெரியது, ஆனால் தலைக்குக் கணக்கிட்டால் உலகச் சராசரியில் பாதிக்கும் கீழே வரும். "வளரும் நாடுகள்" என்று எல்லோரையும் ஒரே பையில் போடுவது சாட்டுக்கும் சோமாலியாவுக்கும் செய்யும் அநியாயம். அவர்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் அது வழி விடுகிறது.

மழையை நம்பிய விவசாயத்துக்கு என்ன ஆகிறது?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பயிரிடும் நிலத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் மானாவாரி. பாசனம் கிடையாது. மக்காச்சோளத்துக்குப் பூக்கும் பருவம்தான் உயிர்நாடி. அந்த நாட்களில் வெயில் மிஞ்சினால் மகரந்தம் காய்ந்துபோகும். செடி பச்சையாகத்தான் நிற்கும், கதிரை உரித்தால் மணி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஆப்பிரிக்கச் சோதனை வயல்களின் விவரங்களை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 30 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரியும் ஒரு நாள் நீடித்தால் விளைச்சல் 1 சதவீதம் குறைகிறது. மண்ணில் ஈரமும் இல்லையென்றால் 1.7 சதவீதம்.

வருஷ மழை அளவு மாறாமலேயே விவசாயி தோற்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் மழையை நம்பி விதைத்து, அப்புறம் மூன்று வாரம் வானம் மூடிக்கொண்டால் முளை கருகும். மறுபடி விதைக்க விதை வேண்டும். புள்ளிவிவரத்தில் அந்த வருஷம் "சராசரி மழை" என்றுதான் பதிவாகும்.

ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் கிழக்குப் பகுதியில், அதாவது சோமாலியா, எத்தியோப்பியாவின் தெற்கு, கென்யாவின் வடக்கு ஆகிய இடங்களில், 2020 இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. காலநிலை மாற்றம் அந்த வறட்சி வரும் வாய்ப்பைச் சுமார் நூறு மடங்கு கூட்டியிருந்தது என்று வானிலை நிகழ்வுகளின் காரணத்தை அலசும் உலக அறிவியலாளர் குழு 2023இல் கணக்கிட்டது. மழை குறைந்தது பாதிக் காரணம்தான். கூடிப்போன வெப்பம் மண்ணிலும் இலையிலும் இருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது மீதி. சோமாலியாவில் 2022இல் மட்டும் வழக்கத்துக்கு மேல் 43,000 உயிர்கள் போயிருக்கலாம் என்பது மதிப்பீடு. அதில் பாதி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

மேய்ச்சல்காரர்கள் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் அவர்கள் சொத்தே நடமாடும் சொத்து. மங்கோலியாவில் "சூட்" என்று ஒரு வார்த்தை உண்டு. கோடையில் புல் சரியாக வளராமல், பின்னாலேயே கடும் பனியும் உறைந்த தரையும் வந்து கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் சாவது. 2023-24 குளிர்காலத்தில் அங்கே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன.

அப்படியானால் எல்லாப் பஞ்சத்துக்கும் காலநிலை மாற்றம்தான் காரணமா?

இல்லை. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. 2021இல் மடகாஸ்கரின் தெற்கே கடும் பசி ஏற்பட்டபோது "காலநிலை மாற்றத்தால் வந்த முதல் பஞ்சம்" என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. சோமாலியா வறட்சியை அலசிய அதே அறிவியலாளர் குழு ஆராய்ந்து பார்த்து, அந்த மழைக் குறைவில் காலநிலை மாற்றத்தின் பங்கு பெரிதாகத் தெரியவில்லை என்றது. வறுமையும், சாலை, நீர் வசதி இல்லாததும், மழையை விட்டால் வேறு வழி இல்லாததும்தான் பசியாக மாறின. சாட் ஏரியும் இப்படித்தான். 1970களிலும் 80களிலும் அது வெகுவாகச் சுருங்கியது உண்மை. இன்றும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போகிறது என்று பரவும் படங்கள் பழையவை, அதன் பிறகு ஏரி ஓரளவு தேறியிருக்கிறது.

எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட்டால் அணையைப் பராமரிக்காத அரசு தப்பித்துக்கொள்ளும். 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரத்தில் புயல் மழையில் இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். மழை அசாதாரணமானதுதான். ஆனால் உள்நாட்டுச் சண்டையில் அந்த அணைகளை யாரும் கவனிக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

2022 பாகிஸ்தான் வெள்ளத்தை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

எல்லாம் ஒரே வருஷத்தில் ஒரே நாட்டில் நடந்ததால். மே மாதம் ஜேக்கபாபாத் நகரத்தில் வெயில் 51 டிகிரியைத் தொட்டது. ஆகஸ்டில் சிந்துவிலும் பலுசிஸ்தானிலும் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு மழை. 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிந்துவின் சமவெளியில் தண்ணீர் வடிய இடமில்லை, மாதக் கணக்கில் தேங்கியது. வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்கள் உயரமான சாலை ஓரங்களில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். கொசு, மலேரியா, வயிற்றுப்போக்கு. அடுத்த கோதுமை விதைப்புக்கும் பல வயல்களில் ஈரம் காயவில்லை.

சேதமும் பொருளாதார இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தாண்டியது. உலக உமிழ்வில் பாகிஸ்தானின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் நன்கொடை மாநாடு கூட்டி 900 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி கொடுத்தார்கள். அதிலும் பெரும்பகுதி கடன்தான்.

வெப்ப அலையில் சாவது எல்லா நாட்டிலும் நடக்கிறதே?

நடக்கிறது, ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் முதியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆனால் தப்பிக்கும் வழிகள் ஒன்றல்ல. உலகின் மிக வெப்பமான பகுதிகளில் 280 கோடிப் பேர் வாழ்கிறார்கள், அவர்களில் 8 சதவீதத்தினரிடம்தான் ஏசி இருக்கிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் சொன்னது.

காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால், உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ஒரே வழி வியர்வை காய்வதுதான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி வந்தால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார். இளைஞர்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு தடுமாறத் தொடங்கியது. செங்கல் சூளையில் நிற்பவரோ, கட்டடத்துக்குச் சிமெண்ட் சுமப்பவரோ அந்த எல்லையை இன்னும் முன்னாலேயே தொட்டுவிடுவார். வேலையை நிறுத்தினால் கூலி போகும், நிறுத்தாவிட்டால் உடம்பு போகும். வீட்டுக்குப் போனால் தகரக் கூரை. அது பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி கொடுக்கும், உடம்பு தேற வேண்டிய நேரத்தில் தேறாது. இப்படி இறப்பவர்களின் சான்றிதழில் "மாரடைப்பு" என்றுதான் இருக்கும், சான்றிதழ் என்று ஒன்று இருந்தால்.

கடல்மட்டம் சில சென்டிமீட்டர் உயர்வதால் என்ன வந்துவிடும்?

ஊர் மூழ்குவதற்கு வெகு காலம் முன்பே குடிநீர் கெட்டுவிடும். வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையில், குல்னா, சத்கிரா மாவட்டங்களில், இதைக் கண்ணால் பார்க்கலாம். 2009இல் ஐலா புயல் மண்கரைகளை உடைத்து உப்பு நீரை வயலுக்குள் விட்டது. சில இடங்களில் வருஷக் கணக்கில் நெல் போட முடியவில்லை. இறால் பண்ணைக்கு என்று வேண்டுமென்றே உப்பு நீரை உள்ளே விட்டதும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. குளமும் கிணறும் உவர்த்துப்போனால் நல்ல தண்ணீருக்கு நடக்க வேண்டும், பெரும்பாலும் பெண்கள்தான் குடத்தோடு நடக்கிறார்கள். அங்கே உள்ள தாகோப் பகுதியில் கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வில், குடிநீரில் உப்பு ஏறும் வறண்ட மாதங்களில் அவர்களுக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது தெரியவந்தது. சமையலில் உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லி என்ன பயன், தண்ணீரே உப்பாக இருக்கும்போது?

இவர்கள் எல்லோரும் பணக்கார நாடுகளுக்குக் கிளம்பி வந்துவிடுவார்களா?

இந்தப் பயம் பெரிதாக்கப்பட்ட ஒன்று. வறட்சியில் எல்லாம் இழந்தவரிடம் எல்லை தாண்டப் பணம் ஏது? பெரும்பாலானோர் பக்கத்து ஊருக்கோ சொந்த நாட்டு நகரத்துக்கோதான் போகிறார்கள். 2050க்குள் ஆறு உலகப் பகுதிகளில் 21.6 கோடிப் பேர் வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடும் என்று உலக வங்கி 2021இல் மதிப்பிட்டது. உமிழ்வைக் குறைத்து, வளர்ச்சியைச் சரியாகத் திட்டமிட்டால் அது பெருமளவு குறையும் என்றும் அதே அறிக்கை சொன்னது. நகர வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் இதைவிடப் பெரிய கவலை. அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

பசிபிக் தீவுகள் தனிக் கதை. ஃபிஜியில் வுனிடோகோலோவா என்ற கிராமமே 2014இல் உள்ளே தள்ளி மேட்டுக்குப் போனது. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் துவாலுவோடு ஆஸ்திரேலியா 2023இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், தீவு மூழ்கினாலும் துவாலுவின் அரசுரிமை தொடரும் என்று அதில் எழுதியிருக்கிறது.

பணக்கார நாடுகள் பணம் கொடுப்பதாகச் சொன்னார்களே, கொடுத்தார்களா?

2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் ஒரு வாக்குறுதி. 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர். அந்த வருஷம் வந்தது, பணம் முழுதாக வரவில்லை. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி கணக்கின்படியே 2022இல்தான் அந்த எண்ணைத் தாண்டினார்கள், 11,590 கோடி. சரி, தாண்டினார்களே என்று விட்டுவிட முடியாது. அதில் அரசுகள் வழியாக வந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். சந்தை வட்டியிலேயே கொடுத்த கடனும் அந்தக் கணக்கில் "உதவி" என்று சேரும்.

இன்னொரு குறையும் உண்டு. சூரிய மின்நிலையத்துக்குக் கடன் கொடுத்தால் மின்கட்டணத்தில் திரும்ப வரும். கரையைப் பலப்படுத்தக் கொடுத்தால் லாபம் வராது, உயிர்தான் மிஞ்சும். அதனால் பாதுகாப்புக்கும் தகவமைப்புக்கும், அதாவது மாறும் காலநிலையைத் தாங்க ஏற்பாடு செய்துகொள்வதற்கும், போன பங்கு குறைவு, 2022இல் சுமார் 3,240 கோடி. வளரும் நாடுகளுக்கு இதற்கென்று ஆண்டுக்கு 21,500 முதல் 38,700 கோடி டாலர் வரை தேவை என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2023இல் சொன்னது.

2024இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த காலநிலை மாநாட்டில் புதிய இலக்கு வைத்தார்கள், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி.

"இழப்பும் சேதமும்" நிதி என்பது வேறா?

வேறு. உமிழ்வைக் குறைக்கவோ, வருமுன் காக்கவோ கொடுப்பது அல்ல இது. ஏற்கெனவே போனதற்கு ஈடு. 1991இலேயே வனுவாட்டு தீவு நாடு, கடல் உயர்ந்து மூழ்கும் நாடுகளுக்கு ஒரு காப்பீட்டு நிதி வேண்டும் என்று கேட்டது. கிடைக்க 31 வருஷம் ஆனது. 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் ஒப்புக்கொண்டார்கள், 2023இல் துபாயில் தொடங்கி வைத்தார்கள். தொடக்கத்தில் வந்த வாக்குறுதிகள் சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரு வெள்ளத்துக்கு ஆன 3,000 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இது சட்டப் பொறுப்பு ஆகாது, ஒத்துழைப்புதான்" என்று தீர்மானத்தில் கவனமாக எழுதி வைத்திருக்கிறார்கள். என் கருத்தில் அந்த நிதியின் மிகப் பெரிய பலவீனம் அதன் தொகையில் இல்லை, இந்த வரியில் இருக்கிறது. கருணை காட்டுவதாக வரும் பணம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும்.

கடனில் இருக்கும் நாட்டைப் புயல் தாக்கினால்?

கரீபியனில் டொமினிக்கா என்ற சிறு நாடு. 2017இல் மரியா சூறாவளி ஓர் இரவில் ஏற்படுத்திய சேதம், அந்த நாட்டின் முழு வருஷ உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், 226 சதவீதம். இப்படிப்பட்ட நாடு அடுத்த மாதத் தவணை கட்டுமா, மருத்துவமனையைத் திறக்குமா?

இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். கடன் பத்திரத்திலேயே "பேரிடர் வந்தால் தவணையை நிறுத்தி வைக்கலாம்" என்று எழுதிவிடுவது. பார்படாஸ் பிரதமர் மியா மோட்லி இதை உலக அரங்கில் விடாமல் வலியுறுத்தி வருகிறார். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி தாக்கியபோது கிரெனடா இந்த விதியைப் பயன்படுத்தித் தவணையை நிறுத்தியது. சின்ன மாற்றம்தான், ஆனால் புயல் அடித்த மாதத்தில் அரசின் கையில் காசு நிற்கிறது.

நம்பிக்கை தரும் உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் ஏழை நாட்டிலிருந்தே. 1970இல் போலா புயலில் இன்றைய வங்கதேசத்தில் இறந்தவர்கள் மூன்று முதல் ஐந்து லட்சம். 1991 புயலில் சுமார் 1.4 லட்சம். 2020இல் ஆம்பன் வந்தபோது அங்கே 24 லட்சம் பேரை வெளியேற்றினார்கள், கொரோனா காலத்திலும். இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

இது செயற்கைக்கோளால் மட்டும் நடக்கவில்லை. 1972இல் தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தில் இப்போது 76,000 தொண்டர்கள் இருக்கிறார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். கொடி ஏற்றுவார்கள், மெகாபோனோடு தெருத் தெருவாகப் போவார்கள், கிழவிகளைத் தூக்கி வருவார்கள். 1991இல் கற்ற பாடம் கசப்பானது. அப்போது 20 முதல் 44 வயதுக்குள் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களைப் போல நாலைந்து மடங்கு. கணவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள், அந்நிய ஆண்கள் நடுவே இரவைக் கழிக்கக் கூசினார்கள், புடவையோடு நீந்த முடியவில்லை. பிறகு கட்டிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறை வைத்தார்கள். மாட்டை விட்டுவிட்டு வர யாருக்கும் மனசு வராது என்பதும் புரிந்தது. மாடுகள் ஏறி நிற்க உயரமான மண்மேடுகள் கட்டினார்கள், கில்லா என்பார்கள். மாட்டுக்கு இடம் இருந்தால் மனிதர் வருவார்.

விவசாயிகள் தாங்களாகவே என்ன செய்கிறார்கள்?

புர்கினா பாசோவின் வடக்கே யாகூபா சவடோகோ என்ற விவசாயி 1980களின் வறட்சியில் ஊரை விட்டுப் போகாமல், பாறை போல் இறுகிய நிலத்தில் குழி வெட்டத் தொடங்கினார். "சாய்" என்பது அவர்களுடைய பழைய முறை. கோடையிலேயே சாண் அகலம், அரைச் சாண் ஆழத்துக்குக் குழிகள் வெட்டி, அவர் அதைப் பெரிதாக்கி உள்ளே எருவும் குப்பையும் போட்டார். குப்பைக்குக் கரையான் வரும். கரையான் துளைத்த வழியில் முதல் மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும். அந்தக் குழியில் கம்பும் சோளமும் விதைத்தார். எருவோடு வந்த மர விதைகளும் முளைத்தன, அவற்றை வெட்டாமல் விட்டார், வருஷங்களில் அது காடானது. பைத்தியம் என்று சிரித்தவர்களே பிறகு கற்றுக்கொள்ள வந்தார்கள். 2023 டிசம்பரில் அவர் இறந்தார். பக்கத்து நைஜரில், வெட்டிய மரத்தின் வேரிலிருந்து வரும் தளிரைக் காத்து வளர்க்கும் முறையில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் மீண்டும் பசுமையாகியிருக்கிறது. இதற்கெல்லாம் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வளர்த்த மரம் விவசாயிக்கே சொந்தம் என்ற உறுதி மட்டும் தேவைப்பட்டது.

அப்படித் தகவமைத்துக்கொண்டே போனால் போதாதா?

போதாது. பொலிவியாவில் லா பாஸ் நகரத்துக்கு மேலே சகால்தாயா என்ற பனியாறு இருந்தது, உலகிலேயே உயரமான பனிச்சறுக்கு இடங்களில் ஒன்று. 2009இல் அது முற்றிலும் மறைந்தது. இல்லாத பனியாற்றுக்கு எந்தத் தகவமைப்பும் செய்ய முடியாது.

ஏழை நாடுகள் நிலக்கரியும் எண்ணெயும் தொடக் கூடாது என்பது நியாயமா?

சஹாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேருக்கு வீட்டில் மின்சாரமே இல்லை. அவர்களுக்கு விளக்கு எரிவதால் உலகம் கவிழ்ந்துவிடாது. சூரிய மின்சாரம் இப்போது மலிவு, அது அவர்களுக்கும் லாபம். தடை எங்கே என்றால் வட்டியில். அதே சூரியத் தகட்டுக்கு ஐரோப்பாவில் வாங்கும் கடனைவிட ஆப்பிரிக்காவில் வாங்கும் கடனுக்கு வட்டி பல மடங்கு. வெயில் அதிகம் இருக்கும் கண்டத்தில் சூரிய மின்சாரம் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அது.

பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

போயிருக்கிறார்கள். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் 2019இல் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் முழு ஈடு தர வேண்டியும் வரலாம். கட்டாயப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஆனால் இனி எந்த வழக்கிலும் இதைக் காட்டி வாதாடலாம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜெர்மனியில் இன்னொரு வழக்கு முடிந்தது. பெருவின் வாராஸ் நகரத்தில் வாழும் விவசாயி சவுல் லூசியானோ லியூயா, ஆர்டபிள்யூஇ என்ற மின் நிறுவனத்தின் மேல் 2015இல் போட்டது. அவர் ஊருக்கு மேலே பால்காகோச்சா ஏரி, பனியாறு உருகி உருகிப் பெருத்திருக்கிறது. 1941இல் ஒரு முறை அது உடைத்துக்கொண்டு ஊரின் பெரும் பகுதியை அழித்தது. உலக உமிழ்வில் அந்த நிறுவனத்தின் பங்கு சுமார் 0.47 சதவீதம் என்று கணக்கிட்டு, ஏரிக்கான பாதுகாப்புச் செலவில் அதே பங்கை, ஏறக்குறைய 17,000 யூரோவை, அவர் கேட்டார். பத்து வருஷம் நடந்த வழக்கில் அவர் தோற்றார். அவருடைய அந்த ஒரு வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு போதிய அளவு இல்லை என்றார்கள். ஆனால் பெரிய அளவில் உமிழும் நிறுவனம், கண்டம் தாண்டி நடக்கும் சேதத்துக்கும் கொள்கையளவில் பொறுப்பாகலாம் என்று அதே தீர்ப்பில் நீதிமன்றம் எழுதியது. ஒரு மலைநாட்டு விவசாயி தொடுத்த வழக்கில் வந்த அந்த வாக்கியத்தை அடுத்து வழக்குப் போடுகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.